குடும்ப நிதிப் பாதுகாப்பு

குடும்ப நிதிப் பாதுகாப்பு என்பது, சம்பாதிப்பவர் இறந்தாலும் நோயில் படுத்தாலும் வேலையை இழந்தாலும் வீட்டுச் செலவும் பிள்ளைகளின் படிப்பும் வட்டிக் கடனுக்குக் கையேந்தாமல் நடக்கிற நிலை. இதற்கு இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். திடீர் இழப்பை ஈடுகட்டக் காப்பீடு வேண்டும். நீண்டகாலத் தேவைகளுக்குப் பணம் சேர்க்க முதலீடு வேண்டும். இந்தியக் குடும்பங்கள் நெடுங்காலமாக இரண்டையும் ஒரே பாலிசிக்குள் தேடின. நாலைந்து பாலிசி இருந்தும் போதிய காப்பு இல்லாத வீடுகள் இங்கே ஏராளமாக இருப்பதற்கு அதுவே முதல் காரணம்.

தமிழ் வீடுகளில் சேமிப்பு என்றால் அஞ்சறைப்பெட்டியில் ஒளித்து வைத்த சிறுவாட்டுப் பணம், ஏலச்சீட்டு, நகை, மனை. அவசரம் வந்தால் நகை அடகுக்குப் போகும். நவீன ஆயுள் காப்பீடு 1818இல் கல்கத்தாவிலும் 1829இல் சென்னையிலும் தொடங்கியது. 1956இல் 245 நிறுவனங்கள் நாட்டுடைமையாகி, செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது. சென்னை அண்ணா சாலையில் 1959இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடம், எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தம் காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தொடங்கிய பணி. 'இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறேன்' என்பதற்குப் பதிலாக 'எல்.ஐ.சி. போட்டிருக்கிறேன்' என்றே இன்றும் ஊர்ப்புறத்தில் சொல்கிறார்கள்.

ஆயுள் காப்பீடு

போன வருமானத்தின் இடத்தை நிரப்புவதே ஆயுள் காப்பீட்டின் வேலை. அதை நேரடியாகச் செய்வது டேர்ம் பாலிசி. குறித்த காலத்துக்குள் இறப்பு நேர்ந்தால் முழுத் தொகையும் குடும்பத்துக்குக் கிடைக்கும். காலம் முடியும்போது உயிரோடிருந்தால் கட்டிய பணம் திரும்ப வராது. 'அப்படியானால் பணம் வீண்தானே' என்று பலர், காப்போடு சேமிப்பையும் சேர்த்துத் தரும் எண்டோமெண்ட், மணி பேக் பாலிசிகளுக்குப் போய்விடுகிறார்கள். கணக்குப் போட்டால் நிலவரம் வேறு. 20 ஆண்டு எண்டோமெண்ட் பாலிசிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் கட்டுபவருக்குக் காப்பு 10 லட்சத்தை ஒட்டியே இருக்கும். மாதம் 40,000 ரூபாய் செலவாகும் வீட்டுக்கு அது இரண்டு ஆண்டுச் செலவு. முப்பது வயதில் நல்ல உடல்நலத்தோடு, புகைப்பழக்கம் இல்லாமல் இருப்பவர், அந்த 50,000இல் ஒரு பகுதியைக் கொண்டே 1 கோடி ரூபாய்க்கு டேர்ம் பாலிசி எடுத்துவிடலாம். ஆண்டு வருமானத்தின் 10 முதல் 15 மடங்கு, அதோடு கடன் நிலுவை என்பது காப்புத் தொகைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு.

சர்க்கரை நோயையும் சிகரெட் பழக்கத்தையும் விண்ணப்பத்தில் மறைப்பது குடும்பத்துக்குச் செய்யும் துரோகம். காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி, 3 ஆண்டு கடந்த பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் நிறுவனம் மறுக்க முடியாது. அதற்கு முன் இறப்பு நேர்ந்தால் மறைத்த செய்தி தோண்டி எடுக்கப்படும். கடையோ தொழிலோ நடத்துபவர்கள் இன்னொரு சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் மனைவி, மக்கள் பெயருக்கு எழுதிய பாலிசிப் பணத்தைக் கடன்காரர்கள் தொட முடியாது. பாலிசி எடுக்கும்போதே இதைக் குறிப்பிட்டுவிட வேண்டும்.

மருத்துவக் காப்பீடு

தமிழ்நாட்டு ஏழைக் குடும்பங்களுக்கு 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தபின் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. வருமான வரம்பைத் தாண்டிய நடுத்தர வீடுகள் தாமே எடுத்துக்கொள்ள வேண்டும். 'கம்பெனியில் கொடுத்திருக்கிறார்கள்' என்று இருந்துவிடுவது ஆபத்து. வேலை போகும் அன்றே அந்தக் காப்பும் போய்விடும். அறை வாடகை வரம்பையும் பார்த்து வாங்க வேண்டும். வரம்பை மீறிய அறையில் தங்கினால், பல பாலிசிகளில் வாடகையோடு நிற்காமல் மற்றக் கட்டணங்களிலும் அதே விகிதத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

பரவலான முதலீடு

ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இருந்தபிறகே மற்ற முதலீடு. வங்கி மூழ்கினால், ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்புறுதி. 2020 பிப்ரவரிக்கு முன் அது 1 லட்சமாக இருந்தது.

எல்லாப் பணத்தையும் ஓரிடத்தில் போடக் கூடாது என்பதற்கு அண்மைக்கால வரலாறே போதும். 2008இல் மட்டும் சென்செக்ஸ் பாதிக்கு மேல் சரிந்தது; அதே ஆண்டில் ரூபாய்க் கணக்கில் தங்கம் ஏறியது. 2013 தொடங்கி 2015 வரை தங்கம் இறங்கியது. இந்தியாவின் முதல் மியூச்சுவல் பண்ட் திட்டமான யூனிட் 64ஐ வைப்பு நிதிபோல் நம்பியிருந்தவர்களுக்கு, 2001 ஜூலையில் யூனிட்டை விற்றுப் பணமாக்கும் வழியே நிறுத்தி வைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் கூடுதல் வட்டி காட்டிய நிதி நிறுவனங்கள் 1990களில் கவிழ்ந்ததன் விளைவாக, 1997இல் முதலீட்டாளர் நலன் காக்கும் தனிச் சட்டமே இயற்ற வேண்டி வந்தது.

ஒன்று விழும்போது மற்றொன்று தாங்கும்படி பிரித்து வைப்பதே பரவல் முதலீடு. 1952இல் ஹாரி மார்கோவிட்ஸ் இதைக் கணிதமாக்கினார். அதற்காக 1990இல் நோபல் பரிசு பெற்றார். இங்கே அது எளிமையாகவே அமையும். 15 ஆண்டு பி.பி.எப்., பத்து வயது நிரம்பாத பெண் குழந்தைக்குச் செல்வமகள் திட்டம், மாதந்தோறும் எஸ்.ஐ.பி. வழியாக ஒரு குறியீட்டு மியூச்சுவல் பண்ட், கொஞ்சம் தங்கம். பதிவுபெற்ற சீட்டுக்கும் இதில் இடமுண்டு. பதிவில்லாத சீட்டு எவ்வளவு பழகியவர் நடத்தினாலும் வேண்டாம். நகையில் செய்கூலியும் சேதாரமும் போய்விடும், ஆகவே அணிவதற்கு வாங்குவதை முதலீட்டுக் கணக்கில் சேர்க்கலாகாது. பங்குச் சந்தையை அறவே ஒதுக்குவதும் தவறுதான். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் செலவு இரட்டிப்பாகும். வரி போக மிஞ்சும் எப்.டி. வட்டி பெரும்பாலும் அதற்கு ஈடுகொடுக்காது.

நாமினியும் ஆவணங்களும்

பத்து ஆண்டு கேட்பாரற்றுக் கிடக்கும் வங்கி வைப்பு ரிசர்வ் வங்கியின் நிதிக்கும், உரிமை கோரப்படாத பாலிசிப் பணம் மூத்த குடிமக்கள் நல நிதிக்கும் போகின்றன. உரியவர் பிறகும் கேட்டுப் பெறலாம், ஆனால் அப்படி ஒரு பணம் இருப்பதே வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். திருமணத்துக்கு முன் தொடங்கிய கணக்குகளில் காலமாகிவிட்ட பெற்றோர் பெயரே நாமினியாகத் தொடர்வது உண்டு. வங்கிக் கணக்கில் நாமினி பணத்தைக் கையில் பெறுபவர் மட்டுமே. உரிமை வாரிசுகளுக்கே என்பதால் உயிலும் தேவைப்படலாம். பாலிசி எண், வங்கிக் கணக்கு, பி.பி.எப்., மியூச்சுவல் பண்ட், கொடுத்த கடன், வாங்கிய கடன் அனைத்தையும் ஒரே தாளில் எழுதி, இந்த வாரமே மனைவியிடமோ கணவரிடமோ கொடுத்து விளக்கிவிடுங்கள்.