பிளாஸ்மா

‘வார்த்து உருவாக்கியது’ என்பதே பிளாஸ்மா என்ற கிரேக்கச் சொல்லின் பழம்பொருள். பிளாஸ்டிக்கும் அதே வேரில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டில் அது குருதியின் நீர்ப்பகுதிக்குப் பெயரானது. 1928இல் அமெரிக்க வேதியியலர் இர்விங் லாங்மியூர் அயனியாக்கப்பட்ட வாயுவுக்கு அப்பெயரை இட்டார். திண்மத்தின் மேற்பரப்பில் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ளும் பரப்புக் கவர்ச்சியை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்றவரும் அவரே. இன்று பிளாஸ்மாவும் பரப்புக் கவர்ச்சியும் ஒரே கருவியில் சேர்கின்றன: பெயின்ட் அடிக்கும் கூடத்துக் காற்றிலுள்ள டொலுயீன் ஆவியைச் சியோலைட் குருணைகள் தம் மேற்பரப்பில் பிடித்துவைக்கின்றன, பிறகு மின்னிறக்கத்தில் உண்டாகும் பிளாஸ்மா அதைச் சிதைத்து, பெரும்பாலும் கரியமில வாயுவும் நீருமாக்குகிறது. இந்தப் பிளாஸ்மாவைக் ‘குளிர் பிளாஸ்மா’ என்பது பாதி உண்மையே. வாயு அறை வெப்பநிலையை ஒட்டியிருக்க, எலெக்ட்ரான்கள் மட்டும் பல்லாயிரம் டிகிரியில் இருக்கும். ‘வெப்பச் சமநிலையற்ற’ என்பதே துல்லியம். பிளாஸ்மாவுக்கு ‘அயனிமம்’ என்ற தமிழ்ச்சொல் பொருளின் இயல்பை நேராகச் சொல்கிறது; குருதிப் பிளாஸ்மாவோடு குழப்பமும் வராது.