விற்காத பழத்தில் கிஸ்மிஸ் வருமா? உலர் திராட்சையில் கவாத்து முதல் சேமிப்பு வரை

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை விலை சரியும்போதெல்லாம் விவசாயிகளிடம் ஒரு கேள்வி எழும். ‘வியாபாரி கேட்காத பழத்தை வெயிலில் போட்டு உலர்த்தி, கிஸ்மிஸாக விற்றால் என்ன?’ கடையில் உலர் திராட்சை விற்கும் விலையைப் பார்த்தால் இந்த ஆசை வருவது இயல்புதான். ஆனால் உலர் திராட்சை என்பது மீந்த பழத்தைக் காப்பாற்றும் வழி அல்ல. கவாத்துக்கு முன்பே முடிவு செய்து, அதற்கென்றே ரகம் தேர்ந்தெடுத்து, அதற்கென்றே பழுக்கவிட்டு எடுக்க வேண்டிய தனிப் பயிர் என்றே அதைச் சொல்லலாம்.

நாட்டின் உலர் திராட்சையில் பெரும்பகுதி மகாராஷ்டிராவின் சாங்லி, சோலாப்பூர், நாசிக் மாவட்டங்களிலும், கர்நாடகாவின் விஜயபுரா, பாகல்கோட் பகுதியிலும் தயாராகிறது. சாங்லி உலர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. எதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்பதும் அதில் அடக்கம்.

கணக்கு பிரிக்ஸில் இருக்கிறது

பழத்தில் கரைந்துள்ள சர்க்கரை முதலான திடப்பொருளின் அளவைத்தான் பிரிக்ஸ் என்கிறோம். ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டுச் சாறு விட்டால் தெரிந்துவிடும். 100 கிலோ பழம் 22 பிரிக்ஸ் காட்டினால், அதில் ஏறக்குறைய 22 கிலோ திடப்பொருள் இருக்கிறது. 15 சதவீத ஈரப்பதத்தில் உலர்த்தி எடுத்தால் சுமார் 26 கிலோ உலர் திராட்சை கிடைக்கும். அதே 100 கிலோ பழம் 16 பிரிக்ஸ் என்றால் 19 கிலோகூட தேறாது. 10 டன் பழத்துக்கு இந்த வித்தியாசம் சுமார் 700 கிலோ. கூலி, மருந்து, பரண் செலவு எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இதோடு நிற்பதில்லை. சர்க்கரை குறைந்த பழம் உலர்ந்தால் சதைப்பற்று இல்லாமல் தோலும் சுருக்கமுமாக இருக்கும். தரம் பிரிக்கும்போது கடைசி ரகமாக ஒதுங்கும். சாப்பிடும் திராட்சையை 16 முதல் 18 பிரிக்ஸில் அறுத்து அனுப்பிவிடலாம். உலர்த்துவதற்கு 22 பிரிக்ஸ் வரும்வரை கொடியில் விட்டு வைக்க வேண்டும்.

பன்னீர் திராட்சை எனப்படும் மஸ்கட் ஹாம்பர்க் இங்கேதான் அடிபடுகிறது. விதை உண்டு, சர்க்கரை பெரும்பாலும் 18 பிரிக்ஸைத் தாண்டாது. ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடப்பது கம்பத்தின் பலம். ஆனால் மழைக்காலத்தில் அறுத்த பழத்தை எங்கே உலர்த்துவது? 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பழத்தின் மணமும் நிறமும் சாறு, ஸ்குவாஷ், ஒயின் போன்றவற்றுக்கே பொருத்தம். மிஞ்சிய பன்னீர் திராட்சைக்கு வழி தேடுவோர் அந்தப் பக்கம் பார்ப்பது நல்லது.

உலர்த்தலுக்கு ஏற்ற ரகங்கள்

உலகெங்கும் உலர் திராட்சையின் முதுகெலும்பு தாம்சன் சீட்லெஸ்தான். துருக்கியிலும் ஆஸ்திரேலியாவிலும் இதையே சுல்தானா என்பார்கள். இதிலிருந்து நம் விவசாயிகள் தேர்வு செய்து பெருக்கியவைதான் தாஸ்-ஏ-கணேஷ், சோனாகா ஆகிய ரகங்கள். மாணிக் சமன் ரகமும் உலர்த்துவதற்குப் பரவலாகப் பயிராகிறது. கறுப்பு உலர் திராட்சைக்கு சரத் சீட்லெஸ் போன்றவை. புனே அருகே மஞ்சரியில் 1997-ல் தொடங்கப்பட்ட தேசிய திராட்சை ஆராய்ச்சி மையம், உலர்த்துவதற்கென்றே மஞ்சரி கிஸ்மிஸ் என்ற ரகத்தையும் தந்திருக்கிறது. உப்புத் தன்மையும் வறட்சியும் உள்ள நிலங்களில் டாக்ரிட்ஜ் வேர்க்குச்சியில் ஒட்டுக் கட்டிய கன்றுகளையே அங்கு அதிகம் நடுகிறார்கள்.

தாம்சன் குடும்பத்தில் ஒரு சிக்கல் உண்டு. கிளையின் அடிக் கணுக்களில் பூங்கொத்து பிடிப்பது குறைவு. ஆகவே பன்னீர் திராட்சை போலக் குட்டையாக வெட்டாமல் கிளையை நீளமாக விட்டுக் கவாத்து செய்ய வேண்டும். ஏப்ரலில் அடிக் கவாத்து, அக்டோபரில் காய்ப்புக் கவாத்து என ஆண்டுக்கு இரண்டு முறை வெட்டி, ஒரே ஒரு விளைச்சல் எடுக்கிறார்கள். ஏப்ரல் கவாத்துக்குப் பின் 45 முதல் 60 நாளில்தான் மொட்டுக்குள் அடுத்த ஆண்டுப் பூங்கொத்து உருவாகிறது. அந்தச் சமயத்தில் தழைச்சத்தும் தண்ணீரும் அதிகமானால் இலை அடர்ந்து, மொட்டில் வெளிச்சம் படாது. அக்டோபரில் கொத்து வராமல் வெறும் தளிர் மட்டும் வந்தால், காரணத்தை மே, ஜூன் மாதங்களில் தேட வேண்டும்.

ஜிப்ரலிக் அமிலத்தில் நிதானம் தேவை. கொத்து நெருக்கமில்லாமல் தளர்வாக இருக்க ஓரளவு உதவும். ஏற்றுமதி ரகம் போலப் பழத்தைப் பெருக்க நினைத்துக் கூடுதலாகக் கொடுத்தால், பெரிய பழமும் தடித்த தோலுமாக உலர நாள் இழுக்கும்.

மெழுகுத் தோலும் டிப்பிங் ஆயிலும்

திராட்சைப் பழத்தின் மேல் வெள்ளைப் பூச்சுபோலத் தெரிவது இயற்கையான மெழுகு. தண்ணீர் வெளியேறாமல் பழத்தைக் காப்பது அதன் வேலை. உலர்த்துபவருக்கு அதுவே எதிரி. எதுவும் செய்யாமல் நிழலில் போட்டால் உலர்ந்து முடிய மூன்று, நான்கு வாரம் ஆகும். அதற்குள் பழம் பழுப்பேறும், புளிக்கும், பூஞ்சை பிடிக்கும்.

இதற்கான தீர்வு புதிது அல்ல. முதலாம் நூற்றாண்டு ரோமானிய வேளாண் எழுத்தாளர் கொலுமெல்லா, சாம்பல் காரநீரில் எண்ணெய் கலந்து திராட்சையை முக்கி உலர்த்தும் முறையை எழுதி வைத்திருக்கிறார். இன்றைய டிப்பிங் ஆயில் அதன் வாரிசுதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் பொட்டாசியம் கார்பனேட், 15 மில்லி எத்தில் ஒலியேட் என்பது வழக்கமான அளவு. முதலில் கார்பனேட்டைத் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, பிறகு எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினால் பால்போல் வரும். எண்ணெய் தனியாக மிதந்தால் கலவை சரியில்லை என்று அர்த்தம். அறுத்த குலைகளைக் கூடையோடு 2 முதல் 5 நிமிடம் முக்கி எடுத்து, நீர் வடித்துப் பரணில் பரப்ப வேண்டும்.

இந்தக் கலவை தோலைக் கிழிப்பதில்லை. மெழுகுத் தகடுகளின் அடுக்கைத் தளர்த்தி, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி செய்கிறது. அடுத்த சில நாள்களில் குறைந்த செறிவில் இதே கரைசலைப் பரணில் மீண்டும் தெளிக்கும் வழக்கமும் உண்டு. இப்படிச் செய்தால் நிழலிலேயே 12 முதல் 18 நாளில் உலர்ந்துவிடும். கரைசல் காரத்தன்மை உள்ளது என்பதால் கையுறை அவசியம். உணவுத் தரத்தில் உள்ள மூலப்பொருளை மட்டுமே வாங்குங்கள். தொட்டியில் தூசியும் சாறும் சேர்ந்து கலங்கியதும் கரைசலை மாற்றுங்கள். ஒரே கரைசலைக் கடைசிக் கூடை வரை இழுப்பதுதான் பல இடங்களில் நிறம் கெடக் காரணம்.

பரண், நிழல், மழை

சாங்லியிலும் விஜயபுராவிலும் காற்று நன்றாக வீசும் திறந்த மேட்டு நிலங்களில் இரும்புச் சட்டங்களில் நீளமான பரண்கள் நிற்கும். ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்து, பன்னிரண்டு அடுக்கு வரை வலை கட்டி, குலைகளை ஒற்றை அடுக்காகப் பரப்புவார்கள். மேலே கூரை, பக்கவாட்டில் நிழல் வலை. நேரடி வெயில் பட்டால் பச்சையம் சிதைந்து, பழம் பழுப்பாகும். நிழலில் காற்றில் உலர்ந்தால்தான் சந்தை விரும்பும் இளம்பச்சை, மஞ்சள் நிறம் நிற்கும். ஆப்கானிஸ்தானில் துளைகள் விட்ட மண்சுவர் வீடுகளிலும், சீனாவின் துர்பானில் சல்லடைபோல் செங்கல் அடுக்கிய வீடுகளிலும் திராட்சையைத் தொங்கவிடுவது இதே காரணத்துக்காகத்தான்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தக்காணத்தில் காற்று வறண்டிருப்பது இந்தத் தொழிலின் மூலதனம். அந்த நாள்களில் பருவம் தப்பி ஒரு மழை பெய்தால், ஆண்டு முழுவதும் பாடுபட்டது பரணிலேயே கறுத்துப்போகும். முழுதாக நனைய வேண்டியதுகூட இல்லை. இரண்டு நாள் மேகமூட்டமும் ஈரக்காற்றும் போதும். எனவே பக்கவாட்டில் சுருட்டி இறக்கும் பிளாஸ்டிக் திரையைத் தயாராக வைத்திருப்பது கட்டாயம். மழை விட்டதும் உடனே திரையைத் தூக்க வேண்டும். மூடியே வைத்தால் உள்ளே ஈரம் தங்கி, மழையைவிட அதிகச் சேதம் செய்யும்.

இதற்கு மாற்றாக வருவது சூரியக் கூடார உலர்த்தி. புற ஊதாக் கதிர் தாங்கும் பாலித்தீன் கூடாரத்தில் காற்றோட்டத்துக்கு விசிறி வைத்தால், உலரும் நாள்கள் பாதிக்கும் கீழே குறையும். மழை பயம் குறைவு, தூசி இல்லை. ஆனால் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடக் கூடாது. சர்க்கரை கருகி நிறம் மாறும். பச்சை நிறம் பரணில் கிடைப்பதுபோல் இதில் நிற்பதில்லை. பெரிய தோட்டத்தின் முழு அறுவடைக்கு இது கட்டுப்படியாகாது என்றாலும், பாதி உலர்ந்த பழத்தை மழைக்கு முன் மாற்றி முடிக்கக் கைகொடுக்கும்.

கொடியிலேயே உலர்த்துவது

ஆஸ்திரேலியாவிலும் கலிஃபோர்னியாவிலும் இன்னொரு வழி பிடித்தார்கள். பழம் பழுத்ததும் காய்த்த கிளையை அடியில் வெட்டிவிட்டு, குலையைக் கொடியிலேயே உலரவிட்டு, பிறகு இயந்திரத்தால் அறுப்பது. ஆஸ்திரேலியாவில் வெட்டிய கையோடு டிப்பிங் கரைசலையும் கொடியில் தெளிக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் இதற்காகவே சீக்கிரம் பழுக்கும் ரகங்களை உருவாக்கினார்கள். 1973-ல் ஃபியஸ்டா, 2001-ல் செல்மா பீட் வந்தன. பின்னர் வந்த சன்ப்ரீம் ரகத்தில் கிளையை வெட்டக்கூட வேண்டாம், பழம் தானாகவே கொடியில் சுருங்கி உலரும்.

நமக்கு இது பொருந்துமா? எப்படியும் ஏப்ரலில் எல்லாக் கிளைகளையும் வெட்டத்தானே போகிறோம் என்று பார்த்தால் பொருந்தும்போல்தான் தோன்றும். ஆனால் பந்தலில் இலைக்குள் மறைந்திருக்கும் குலையில் கரைசல் சீராகப் படாது. தலைக்கு மேல் கூரையும் இல்லை. பரண் இருக்கும்போது இதற்கு மாறுவதில் அவசரம் வேண்டாம் என்பதே என் கருத்து.

பதப்படுத்துதல்

உள்ளங்கையில் அள்ளி இறுக்கிப் பிடித்து விட்டால், சாறு ஒட்டாமல் பழங்கள் தனித்தனியே பிரிய வேண்டும். ஈரமானியில் 13 முதல் 15 சதவீதம். அதன்பின் இயந்திரத்தில் காம்பு நீக்கி, தூற்றி, கழுவி, மறுபடி உலர்த்தி, அளவு வாரியாகப் பிரிப்பார்கள். பெரிய ஆலைகளில் நிறம் பார்த்துப் பிரிக்கும் கேமரா இயந்திரம் வந்துவிட்டது. சிறிய இடங்களில் காம்பும் கறுப்புப் பழமும் பொறுக்குவது இன்றும் பெண் தொழிலாளர்களின் கைதான்.

நிறத்துக்காகக் கந்தகப் புகை போடுவதில் அளவு முக்கியம். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கந்தக எச்சம் ஒத்துக்கொள்ளாது, இறக்குமதி நாடுகள் வரம்பு வைத்திருக்கின்றன. வாங்குபவர் கேட்கும் வரம்பை முன்கூட்டியே அறிந்து, ஆய்வகச் சோதனை செய்துவிடுங்கள்.

பலரும் மறக்கும் விஷயம் பூச்சிக்கொல்லி எச்சம். நான்கு கிலோ பழம் ஒரு கிலோவாகச் சுருங்கும்போது, பழத்தில் இருந்த எச்சமும் அதற்கேற்பச் செறிவாகும். பச்சைப் பழத்தில் வரம்புக்குள் இருந்தது உலர்ந்த பின் வரம்பைத் தாண்டலாம். கடைசி மருந்துக்கும் அறுவடைக்கும் இடையே அட்டையில் போட்டிருப்பதைவிடக் கூடுதல் இடைவெளி விடுவது பாதுகாப்பு. வெடித்த பழம், பறவை கொத்திய பழம் இரண்டையும் முக்குவதற்கு முன்பே ஒதுக்குங்கள். கரும்பூஞ்சை அதிலிருந்துதான் தொடங்கும். அது உண்டாக்கும் ஓக்ராடாக்சின் நஞ்சு இருந்தால் ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வரும்.

சேமிப்பில் நிறம் காக்க 4 டிகிரி குளிர்ப்பதனக் கிடங்கே சிறந்தது. சாதாரண அறையில் கோடையில் வைத்தால் பச்சை பழுப்பாகும், சர்க்கரை மேலே பூத்து ஒட்டும், அந்துப்பூச்சியும் வண்டும் வரும். தாஸ்காவ், சாங்லி சந்தைகளைச் சுற்றிக் குளிர்க்கிடங்குகள் பெருகியதால்தான், அறுவடை நேரத்து விலைக்கே தள்ளிவிடாமல் பண்டிகைக்காலம் வரை காத்திருந்து விற்க விவசாயிகளால் முடிகிறது.

முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு

தமிழகத்தில் விதையில்லா ரகம் வைத்திருப்பவர்கள் பரண் கட்டும் முன் ஒரு சோதனை செய்யலாம். பிப்ரவரி அல்லது மார்ச்சில் 22 பிரிக்ஸ் வந்த 10 கிலோ குலையை எடுங்கள். 10 லிட்டர் தண்ணீரில் 250 கிராம் கார்பனேட், 150 மில்லி எத்தில் ஒலியேட் கலந்து முக்கி, காற்றோட்டமான நிழலில் வலைமேல் பரப்புங்கள். தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். எடை இரண்டரைக் கிலோவை ஒட்டி வந்து நிற்கும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். 18 நாளுக்குள் அங்கே வந்துவிட்டால் உங்கள் ஊர்க் காற்று ஒத்துழைக்கிறது. வராவிட்டால், அல்லது இடையிலேயே புளித்த வாடை வந்தால், பரணுக்குப் போடும் பணத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரகம், கவாத்து பற்றிய சந்தேகங்களுக்குத் தேனி மாவட்டம் ஆனைமலையன்பட்டியில் உள்ள திராட்சை ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம்.