கூரை மேய்ந்த கடன்

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகே இருக்கும் வடக்கனந்தலிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும், வீட்டைச் செப்பனிடப் பண உதவி என்னும் ஏற்பாடு தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே ஆள் உதவி என்னும் சம்பிரதாயம் வேரூன்றியிருந்தது. கரும்பு வெட்டு முடிந்ததும் கொல்லையில் காய்ந்து கிடக்கும் சோகையைக் கட்டுக் கட்டாகச் சுமந்து வந்து வாசலில் குவித்து, சித்திரை வெயில் இருக்கும்போதே மேய்ந்துவிட வேண்டும் என்று பங்காளிகளும் அண்டை வீட்டாரும் விடியலிலேயே கூடிவிடுவார்கள். அடுப்புப் புகை ஏறிக் கறுத்த பழைய சோகையை இழுத்துத் தள்ளும்போது கிளம்பும் தூசி புருவத்திலும் மீசையிலும் அப்பிக்கொள்ளும். உளுத்த வரிச்சுகளை மாற்றியபின், கீழிருந்து ஒருவர் பிடிபிடியாக எறிய, மேலிருப்பவர் ஏந்திப் பரப்பிக் கயிற்றால் இறுக்குவார். கூலி கிடையாது, வயிறாரச் சோறு உண்டு. அடுத்த கோடையில் அவர்கள் கூரைக்கு இவர் போய் நிற்க வேண்டும் என்பதே கடன். அதற்குப் பத்திரமும் இல்லை, வட்டியும் இல்லை.

ஓடும் சிமெண்டும் வந்தபின் இந்த முறை போதவில்லை. கொல்லையில் விளையாத அப்பொருள்களை வாங்கக் கைமாற்றும் சீட்டும் அடகுக் கடையுமே கதியாயின. சர்க்கார் கடன் இல்லாமலில்லை. ஆனால் கிணறு வெட்டவும் நிலத்தைத் திருத்தவும் 1883-ஆம் ஆண்டுச் சட்டம், விதையும் மாடும் வாங்க 1884-ஆம் ஆண்டுச் சட்டம் என்று உழவனின் நிலத்தை நினைத்த ஆட்சி, அவன் தலைக்கு மேலிருந்த கூரையை அச்சட்டங்களில் நினைக்கவில்லை. மலைமேல் நிலைமை இன்னும் கடினம்: ஜாகீர்தார்களின் ஆதிக்கத்திலிருந்த கல்வராயன் மலையைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டதே 1976-இல்தான், பட்டா இல்லாதவனுக்கு வீட்டின் பேரில் கடன் கொடுப்பார் யார்?

1985-இல் பிறந்த இந்திரா குடியிருப்புத் திட்டமும் புது வீடு கட்டவே பணம் தந்தது. நிற்கும் வீட்டைச் சீர்திருத்தவும் நிதி வேண்டும் என்று கருதி, ஒதுக்கீட்டில் நூற்றுக்கு இருபது பங்கை அதற்கென ஒதுக்கி வைத்தது 1999 முதல்தான். வீட்டுக்கு 10,000 ரூபாய் என்று தொடங்கிய அத்தொகை 2008-இல் 15,000 ஆயிற்று. என் மனத்துக்கு அந்த இருபது பங்கே அத்திட்டத்தின் மிக விவேகமான பகுதி. பாட்டன் எழுப்பிய மண்சுவரை இடிக்காமல் காப்பதும் கட்டுமானமே அன்றோ! தமிழகத்தில் 2010-இல் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டமோ, 21 லட்சம் குடிசைகளை ஆறு ஆண்டுகளில் கான்கிரீட் வீடுகளாக்கப் புறப்பட்டது.

ஊரின் பெயர்ப்பலகைக்கும் இதில் பங்குண்டு. மத்திய சர்க்காரின் கிராம நிதி கிடைக்க வேண்டுமென்று 2004-இல் தமிழகத்தின் 561 பேரூராட்சிகள் சிறப்பு கிராம ஊராட்சிகளாக்கப்பட்டு, 2006-இல் மீண்டும் பேரூராட்சிகளாயின. 2000-01-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுது நீக்க 2024-இல் மாநில அரசு பணம் ஒதுக்கியபோது, மலைமேலுள்ள ஊராட்சிகளின் தொகுப்பு வீடுகள் அதில் இடம்பெற வழியிருந்தது. அடிவாரத்தில், பேரூராட்சியான வடக்கனந்தலின் எல்லைக்குள், அதே வயதுடைய வீட்டுக்கு வழியிருக்கவில்லை. நகர்ப்புறத்துக்கென 2015-இல் வந்த மத்தியத் திட்டமோ, இருக்கும் வீட்டோடு 9 சதுர மீட்டராவது புதிதாகச் சேர்த்தால் உதவும் என்றது. ஒழுகும் ஓட்டின்மேல் தார்ப்பாய் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்திருப்பவர் கேட்டதோ இன்னோர் அறை அன்று; ஐப்பசிக்கு முன் மாற்ற வேண்டிய சில வரிசை ஓடும், இரண்டு கைமரமும்.