ஏட்டில் ஏறாத நடை

ஹென்றி சாட்விக் 1824இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்காவின் புரூக்ளினுக்குக் குடிபெயர்ந்தார். நியூயார்க் நாளிதழ்களுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவரின் மனம் 1850களில் பேஸ்பால் பக்கம் திரும்பியது. மூன்று மணி நேர ஆட்டத்தை நாலு விரல் அகலக் கட்டத்துக்குள் அடக்கும் ஸ்கோர் அட்டவணையைச் செப்பனிட்டு நாடெங்கும் பரப்பியவர் அவர்தான். ஆட்டத்தைப் பார்க்காதவரும் மறுநாள் காலையில் யார் நன்றாக ஆடினார், யார் சொதப்பினார் என்று சொல்லிவிட முடிந்தது.

அந்த ஏட்டில் ஓர் ஓட்டை இருந்தது. பேஸ்பாலில் பந்து எறிபவர் குறி தவறிக்கொண்டே இருந்தால், அடிப்பவர் மட்டையை வீசாமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். இன்றைய விதிப்படி அப்படி நான்கு பந்துகள். இதற்கு ‘வாக்’ என்று பெயர். அடிக்க ஆசைகாட்டி வரும் கெட்ட பந்தைத் தொடாமல் விடுவதற்குக் கூர்ந்த கண்ணும் பொறுமையும் வேண்டும். சாட்விக்கோ கிரிக்கெட்டில் ஊறியவர். அங்கே வைடு பந்துக்குக் கிடைக்கும் ரன் உதிரிக் கணக்கில்தான் சேரும், மட்டையாளர் பெயரில் ஏறாது. அதே கண்ணோடு பார்த்தவருக்கு வாக் என்பது எறிபவரின் பிழையாகவே தெரிந்தது. அடித்தவரின் சராசரியில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. 1887இல் மட்டும் வாக்கையும் அடியாகவே எண்ணிப் பார்த்தார்கள். சராசரிகள் தாறுமாறாக எகிறவே, மறு ஆண்டே கைவிட்டார்கள்.

விளைவு எளிதில் புரியக்கூடியது. எது எழுதப்பட்டதோ அதற்குத்தான் சம்பளம். பில் தொகையை மட்டும் பார்த்து விற்பனையாளரை எடைபோடும் முதலாளிக்கு, வாடிக்கையாளரை மறுபடி கடைக்கு வரவழைப்பவர் யாரென்று தெரியவே தெரியாது.

அந்த ஓட்டையைக் கண்டுகொண்ட ஒரு முதலாளி புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் பிராஞ்ச் ரிக்கி. 1947இல் மான்ட்ரியாலைச் சேர்ந்த ஆலன் ராத் என்பவரைக் கணக்கெடுப்பதற்கென்றே முழுநேர வேலையில் அமர்த்தினார். கணினி இல்லாத காலம். ராத் ஒவ்வொரு ஆட்டத்திலும் அமர்ந்து, எறியப்பட்ட ஒவ்வொரு பந்தையும் கையால் குறித்தார். இடக்கை எறிபவருக்கு எதிராக ஒருவர் எப்படி, வலக்கைக்கு எதிராக எப்படி என்று பிரித்துப் போட்டார். எப்படியாவது தளம் சேர்ந்த விகிதமே ரன்னுக்கு வழி என்று ரிக்கி 1954இல் ‘லைஃப்’ இதழில் விளக்கமாக எழுதினார். அந்த விகிதம் அதிகாரப்பூர்வப் புள்ளிவிவரமாக ஏற்கப்பட்டது 1984இல்தான். முப்பது ஆண்டுகள்!

இடையில் கான்சஸ் மாநிலத்தில், பீன்ஸ் டப்பா அடைக்கும் ஆலையொன்றின் இரவுக் காவலாளி பில் ஜேம்ஸ், பணி நேரத்தில் ஆட்டக் கணக்குகளைத் துருவிக்கொண்டிருந்தார். 1977இல் சொந்தச் செலவில் அவர் வெளியிட்ட முதல் தொகுப்பு விற்றது 75 பிரதிகளே. ஆனால் படித்தவர்கள் விடவில்லை.

ஓக்லண்ட் ஏ’ஸ் அணிக்குப் புள்ளிவிவரத்தை நம்பும் அந்தச் சிந்தனை பிழைப்பாகவே மாறியது. 2002இல் அதன் மொத்தச் சம்பளப் பட்டியல் சுமார் 4 கோடி டாலர். நியூயார்க் யாங்கீஸுடையது ஏறத்தாழ 12.5 கோடி. பொது மேலாளர் பில்லி பீன் ஒரு காலத்தில் உடல்வாகைப் பார்த்தே தேர்வாளர்கள் மெச்சிய வீரர், களத்தில் தோற்றுப்போனவர். கண்ணுக்கு அழகாகத் தெரிவது ஏமாற்றும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? பிறர் விலை குறைத்து வைத்திருந்த திறமை எதுவென்று தேடினார். ஸ்காட் ஹாட்டெபெர்க் கிடைத்தார். அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கும் கேட்சராக இருந்தவர், முழங்கை நரம்பு பாதிக்கப்பட்டுப் பந்தெறியும் திறனை இழந்தவர். ஆனால் கெட்ட பந்தைத் தொடமாட்டார். அவரை முதல் தளத்தைக் காக்க நிறுத்தி, அந்த இடத்துக்கான வேலையை அடிப்படையிலிருந்து கற்றுக்கொடுத்தார்கள்.

அந்த ஆண்டு ஓக்லண்ட் 103 வெற்றி, யாங்கீஸும் 103. செப்டம்பர் 4 அன்று கான்சஸ் சிட்டி அணிக்கு எதிராக 11-0 என்று முன்னணியில் இருந்து, 11-11 என்று சறுக்கி, ஹாட்டெபெர்க்கின் ஒரே அடியில் 12-11 என வென்றபோது, தொடர் வெற்றி இருபதாயிற்று. கோப்பை கிடைக்கவில்லை. முதல் சுற்றிலேயே மின்னசோட்டாவிடம் தோற்றார்கள். ஐந்தே ஆட்டச் சுற்றில் அதிர்ஷ்டம் கணக்கை மீறலாம். 162 ஆட்டங்களில் மீறுவது கடினம்.

மைக்கேல் லூயிஸ் இக்கதையை 2003இல் நூலாக்கினார். ஜான் ஹேக்ஸ், ரேமண்ட் சாவர் என்ற பொருளியலாளர்கள் பின்னர் வீரர்களின் சம்பளங்களை அலசி, தளம் சேரும் திறனுக்கு மலிவாக இருந்த விலை 2004இல் ஏறிவிட்டதைக் கண்டார்கள். ஓக்லண்டின் ரகசியம் ஊர் அறிந்ததாயிற்று. அதே ஆண்டு பாஸ்டன் ரெட் சாக்ஸ், 1918க்குப் பிறகு முதன்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. அந்த அணியின் ஆலோசகர்களில் ஒருவர், பழைய இரவுக் காவலாளி பில் ஜேம்ஸ்.