எட்டாம் மாதக் குழந்தை

ஏழாம் மாதத்தில் பிறந்தது பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காது என்று ஸ்ரீரங்கத்து வீதிகளில் முதியோர் சொல்ல இளமையில் கேட்டிருக்கிறேன். மாணவர்களே, இவ்வெண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களுள் ஒன்று எட்டாம் மாதக் குழந்தையைப் பற்றியதே. தங்காது என்று முடிவு கட்டிவிட்ட குழந்தைக்கு யார் ஊக்கத்துடன் பாலூட்டுவார்?

உண்மை நேர்மாறானது. சிசுவின் எலும்புக்குரிய சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில்தான் நஞ்சுக்கொடி வழியே சேர்கிறது. எட்டாம் மாதக் குழந்தை ஒரு மாதச் சேமிப்பு மிகுதியாகக் கொண்டே பிறக்கிறது.

1880-ஐ ஒட்டிப் பாரிஸில் தார்னியே என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தைகளை வெப்பப் பெட்டியில் வைத்துக் காத்தார். பிற்காலத்தில் ஒரு கிலோ எடையுள்ளவையும் பிழைக்கவே, புதிய இடர் தெரிந்தது: எலும்பு மெலிந்து, சில வேளை விலாவும் முறிந்தது. கருவில் கிலோ எடைக்கு நாள்தோறும் 100 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்பு கிடைத்தது. தாய்ப்பால் 100 மில்லிலிட்டரில் இருப்பதோ ஏறக்குறைய 30 மில்லிகிராம். அதையும் குடல் முழுவதும் ஈர்ப்பதில்லை. பாஸ்பரஸ் குறைந்தாலோ, ஈர்த்ததும் சிறுநீரில் கழிந்துவிடும்.

தாய்ப்பாலைப் பழிப்பதாகக் கொள்ளாதீர்கள். அதன் சுண்ணாம்பே எளிதில் உடலில் சேர்வது. ஆகவே மருத்துவர்கள் மிகச் சிறிய குழந்தைகளுக்குத் தாய்ப்பாலிலேயே இவ்வுப்புகளை அளந்து கலந்து ஊட்டலாயினர். (வெற்றிலைச் சுண்ணாம்பை எண்ணிவிடாதீர்கள், அது குழந்தையின் வாயைப் புண்ணாக்கிவிடும்!) திருச்சிராப்பள்ளியில் 1997-இல் அரசு மருத்துவக் கல்லூரி தோன்றியது. அதனோடு இணைந்த மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனையில் இன்று பச்சிளங்குழந்தைப் பிரிவு இயங்குகிறது; எட்டாம் மாதக் குழந்தைகள் அங்கிருந்து வீடு திரும்புகிறார்கள்.