உறைமோரும் மெமரி கார்டும்: பிளேஸ்டேஷன் 2-இன் பூட்டு திறந்த வரலாறு

பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 2000 மார்ச்சில். அதன் வாரிசு 2006-இலேயே வந்துவிட்டது. ஹைதராபாத் அந்தப் பழைய கருவிக்கு விளையாட்டு செய்து தந்ததோ அதற்கும் மூன்றாண்டு கழித்துத்தான். 2009-இல் ஆரோனா டெக்னாலஜீஸின் ‘ஹனுமான்: பாய் வாரியர்’ வந்தது, அதே ஆண்டு கபடி, கில்லி, பட்டம் எல்லாம் கொண்ட ‘தேசி அட்டா’வை கேம்சாஸ்த்ரா உருவாக்கியது. அதே நிறுவனத்தின் ‘டான் 2’ 2013 பிப்ரவரியில் வெளிவந்தபோது, கருவியின் உற்பத்தியே நின்றுபோயிருந்தது. தேர் நிலைக்கு வந்தபின் வடம் பிடித்த கதை. இந்தக் காலப் பிசகை முன்னால் வைத்துக்கொண்டு பார்த்தால், பிளேஸ்டேஷன் 2-இல் ஏற்றப்படும் அனுமதியற்ற மென்பொருளின் வரலாற்றைத் திருட்டு நகலின் கிளைக்கதையாக மட்டும் எழுதி முடிக்க முடியாது. பூட்டைத் திறக்கும் வேலை கடைக்காரரின் மேசையிலிருந்து கருவியை வைத்திருப்பவரின் கைக்கு மெல்ல இடம் மாறியது. இடம் மாறியபோது அதன் பயனும் மாறியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் சிப்பில்தான். முதல் பிளேஸ்டேஷன் தட்டில், கருவி தேடிப் படிக்கும் நான்கு எழுத்துகள் சாதாரண சிடி ரைட்டரால் எழுத முடியாத விதத்தில் பதிக்கப்பட்டிருந்தன. அசல் தட்டா, எந்த நாட்டுத் தட்டா என்ற இரண்டு கேள்விக்கும் அந்த எழுத்துகளே பதில். சில வயர்களைப் பற்றவைத்துப் பொருத்திய சின்ன சிப் ஒன்று அதே எழுத்துகளைக் கருவியின் காதில் ஓதிக்கொண்டே இருக்கும், கருவியும் நம்பிவிடும். பிளேஸ்டேஷன் 2-க்கு வயர்கள் கூடின, வேலை நுணுக்கமானது. சால்டரிங் கை தேர்ந்தவர் இல்லாமல் ஆகாது என்பதால், ‘சிப் போடுவது’ ஒரு கடைத்தொழிலாயிற்று. சிப் போட்ட கருவியில் வெளிநாட்டு அசல் தட்டும் ஓடியது, நகல் தட்டும் ஓடியது. பெரும்பாலோர் ஓட்டியது நகலைத்தான். இதை மறைத்துப் பேசுவதில் பொருளில்லை.

2003-இல் பாதை திரும்பியது. மெமரி கார்டில் வைத்த ஒரு கோப்பைக் கொண்டு கருவியைத் தடுமாறச் செய்து, சிப்பே இல்லாமல் வேறு மென்பொருளை ஓட்டும் வழி கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முதல் பிளேஸ்டேஷனின் தட்டு ஒன்று தேவைப்பட்டது. 2008-இல் வந்த ஃப்ரீ மெக்பூட் என்ற மென்பொருளுக்கு அதுவும் வேண்டாம். இதற்கான கதவைத் திறந்து வைத்ததே சோனிதான். ஜப்பானில் முதலில் விற்ற கருவிகளுக்கு டிவிடி பிளேயர் மென்பொருளை மெமரி கார்டில் கொடுத்தார்கள். அதனால் சுவிட்ச் போட்டதும் கார்டில் புதுப்பிப்பு ஏதாவது இருக்கிறதா என்று கருவி பார்க்கும். ஃப்ரீ மெக்பூட் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனால் அந்தக் கோப்பு அந்தந்தக் கார்டுக்கென்றே மறையாக்கம் செய்யப்படுவது. இன்னொரு கார்டுக்கு அப்படியே நகலெடுத்தால் வேலை செய்யாது; ஏற்கனவே திறந்த கருவி ஒன்றில் செருகித்தான் புதுக் கார்டைத் தயாரிக்க வேண்டும். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்கிப் பால் தோய்ப்பது போல ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டு. 8 எம்பி கார்டு ஒன்று கைமாறினால் போதும். சால்டரிங்கும் வேண்டாம், கடையும் வேண்டாம்.

இந்திய வாங்குநருக்கு இங்கே ஒரு முடிச்சு விழுந்தது. பின்னாளில் வந்த 90000 வரிசைக் கருவிகளில், தொடக்கத்தில் செய்தவை நீங்கலாக, கார்டைத் தேடும் அந்த வழியை சோனி அடைத்துவிட்டது. ஹைதராபாத் விளையாட்டுகள் வெளியான ஆண்டுகளில் கடைக்குப் போய்ப் புதிதாகக் கருவி வாங்கியவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது இந்த வரிசைதான். ஆக, ஊர் விளையாட்டுக்காகவே கருவி வாங்கியவருக்கு ஃப்ரீ மெக்பூட் பயன்பட்டிருக்காது. 2020-இல் டிவிடி பிளேயர் மென்பொருளில் இருந்த பிழை வழியே, சாதாரணமாக எழுதிய டிவிடியைக் கொண்டே மென்பொருள் ஓட்டும் ஃப்ரீ டிவிடி பூட் வந்தபின் இந்த வரிசையும் திறந்தது. அப்போது உற்பத்தி நின்று ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

உள்ளூர் நிறுவனங்களின் வயிற்றில் அடித்ததே இந்த வித்தைகள்தானே என்று கேட்கலாம். நகல் தட்டு மலிந்த சந்தையில் அசல் விற்பது கடினம் என்பது உண்மை. ஆனால் அந்தப் பழியில் பெரும்பங்கு சிப்பைச் சேரும். அடைபட்ட வரிசையில் வேலை செய்யாத கார்டைச் சேராது. பிளேஸ்டேஷன் 3 வந்தபிறகும் பழைய கருவிக்கே புது விளையாட்டு செய்வது வணிகமாகத் தெரிந்ததற்குக் காரணம், அது பல வீடுகளில் ஏற்கனவே இருந்ததுதான். அப்படி இருந்ததில் சிப்புக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் ஊகம், எண்களால் நிறுவக்கூடியதல்ல. கணினியில் எமுலேட்டர் இருக்க இது எதற்கு என்பது அடுத்த கேள்வி. எமுலேட்டருக்குக் கருவியின் பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருள் வேண்டும். அதைச் சொந்தக் கருவியிலிருந்து முறையாக எடுக்க, அந்தக் கருவியில் முதலில் அனுமதியற்ற மென்பொருள் ஓடியாக வேண்டும். சுற்றி வந்தாலும் அதே வாசல்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதே கனமான ஆட்சேபம். 2005-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், சோனியின் பூட்டு நகலெடுப்பதைத் தடுக்கவில்லை, நகலை ஓட்டுவதைத்தான் தடுக்கிறது என்று கூறி சிப் விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே அங்கே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இந்தியாவில் 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு வேறு வழியில் போகிறது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் குற்றம். தண்டனை இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும். கருவியை விட்டுவிட்டு நோக்கத்தைப் பார்க்கும் இந்த அளவுகோல், மேலே சொன்ன வரலாற்றோடு நன்றாகவே பொருந்துகிறது. ‘தேசி அட்டா’ தட்டைக் காசு கொடுத்து வாங்கியவர், லென்ஸ் தேய்ந்த கருவியில் அதன் பிரதியை யூஎஸ்பி வழியே ஓட்டினால் (பழைய யூஎஸ்பி 1.1, காட்சிகள் திக்கித் திக்கித்தான் ஓடும்), அவர் நோக்கத்தில் குற்றம் காண்பது கடினம். கணினி நிரலுக்குக் காப்புப் பிரதி எடுப்பதை 52-ஆம் பிரிவும் அனுமதிக்கிறது. ஆனால் தொலைந்தோ சிதைந்தோ போகாமலிருக்க ‘தற்காலிகப் பாதுகாப்பாக’ மட்டும் என்கிறது. பிளேஸ்டேஷன் 4-ம் 5-ம் படிக்காத ஒரு தட்டுக்கு அந்தத் ‘தற்காலிகம்’ எத்தனை ஆண்டு என்று பிரிவில் எழுதப்படவில்லை.