புடகம் (உயிரணுவியல்)

புடகம் என்பது உயிரணுவினுள் கொழுமிய இரட்டைப்படலத்தால் சூழப்பட்ட, நீர்மம் நிறைந்த நுண்ணிய பை ஆகும். இது வெசிக்கிள் எனவும் நுண்பை எனவும் அழைக்கப்படுகிறது. ஓரிடத்தில் ஆக்கப்பட்ட புரதம், நொதி, இயக்குநீர் ஆகியவற்றைப் பிறவற்றுடன் கலக்கவிடாமல் மற்றோரிடத்தில் சேர்ப்பது இதன் பணி. புடகங்களுள் மிகுதியாக ஆராயப்பட்டவை நரம்பு முனைகளில் உள்ளவை. இக்கட்டுரை பெரிதும் அவற்றைப் பற்றியது.

இயற்பியல்

கொழுமிய மூலக்கூற்றின் தலை நீரை நாடும். வால்கள் நீரை வெறுக்கும். எனவே நீரில் இட்டால் வால்கள் உள்நோக்கியவாறு இவை தாமாகவே இரட்டைப்படலமாக அடுக்குறும். படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 4 முதல் 5 நானோமீட்டர். தட்டையான படலத்தின் விளிம்பில் வால்கள் நீருக்கு வெளிப்படுகின்றன. விளிம்பே இல்லாத மூடிய பையாகிவிட்டால் அந்த ஆற்றல் இழப்பு நீங்கும். ஆனால் வளைவதற்கும் ஆற்றல் தேவை.

செருமானிய இயற்பியலாளர் வொல்ஃப்காங் எல்ஃபிரிக் 1973 இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி, இருபுறமும் ஒத்த ஒரு சவ்வைக் கோளமாக வளைக்கும் ஆற்றல் கோளத்தின் பருமனைச் சார்ந்ததன்று. சிறிய கோளத்தில் வளைவு மிகுதி, பரப்பு குறைவு; இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. இவ்வாற்றல் வெப்பச் சலன ஆற்றலைப் போல் ஏறத்தாழ 500 மடங்கு. மூலக்கூறுகளின் தற்செயலான அசைவால் மட்டும் இது கிட்டாது. ஆகவே கிளாத்திரின் என்னும் புரதம் சவ்வின்மேல் கூடைபோல் பின்னி அதை வளைக்கிறது. டைனமின் என்னும் புரதம் அதன் கழுத்தை நெரித்துத் துண்டிக்கிறது. இவை இரண்டும் இன்றி நிகழும் ஓர் உட்கொள்ளல் வழியும் உண்டு. அதனைப் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சத்தியஜித் மேயர் குழுவினர் 2002 இல் விவரித்தனர்.

இணைவும் மீட்பும்

நரம்புப் புடகத்தின் விட்டம் ஏறத்தாழ 40 நானோமீட்டர். தசையை இயக்கும் நரம்பில் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான அசெட்டைல்கோலின் மூலக்கூறுகளைச் சுமக்கிறது. நரம்பு முனைக்குள் கால்சியம் புகுந்ததும் ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் புடகம் வெளிச்சவ்வுடன் இணைந்து அவற்றைக் கொட்டிவிடும். இரு சவ்வுகள் நெருங்கும்போது இடையிலுள்ள நீர் அவற்றை விலக்குகிறது. அத்தடையை வெல்வன ஸ்னேர் புரதங்கள். இவை கயிறுபோல் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு சவ்வுகளை இழுத்துச் சேர்க்கின்றன. முறுக்கை அவிழ்த்து மறுபடி பயன்படுத்தத்தக்கதாக்குவது என்.எஸ்.எஃப் என்னும் புரதம். இத்துறை ஆய்வுக்காக ஜேம்சு ரோத்மன், இராண்டி செக்மன், தாமசு சூதாஃப் ஆகியோர் 2013 இல் நோபல் பரிசு பெற்றனர்.

இவ்விளக்கத்துக்கு ஈக்களும் துணைநின்றன. மேற்கூறிய பெங்களூரு மையத்தைப் பின்னாளில் நிறுவிய ஒபைத் சித்திக்கி, சீமோர் பென்சருடன் சேர்ந்து, சூடேறினால் முடங்கும் பழ ஈத் திரிபுகளை 1976 இல் விவரித்தார். அவற்றுள் கோமட்டோசு என்னும் திரிபில் பழுதானது என்.எஸ்.எஃப் புரதமே என்பது 1990களில் தெரியவந்தது. சிபிரே என்னும் மற்றொரு திரிபில் பழுது டைனமினில் உள்ளது. அங்கு இணைந்த சவ்வு மீண்டும் புடகமாக வெட்டப்படாததால் நரம்பு முனை வெறுமையாகிறது.

கட்டுவிரியன் நஞ்சு

இதே வெறுமை மனிதரில் கட்டுவிரியன் கடியால் நேர்கிறது. இரவில் நடமாடும் இப்பாம்பு, காவேரிப்பட்டினத்தைச் சூழ்ந்த சிற்றூர்கள் போன்ற வேளாண் பகுதிகளில் தரையில் பாய் விரித்து உறங்குவோருக்கு ஆபத்தானது. கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது. விடியுமுன் வயிற்றுவலி, இமைத் தொய்வு, பின் மூச்சுத்திணறல் தோன்றும். தடம் தெரியவில்லை என்பதற்காகக் காத்திருப்பதே பல உயிர்களைப் பறிக்கிறது.

நஞ்சின் முதன்மைக் கூறு பீட்டா பங்காரோடாக்சின். (பங்காரசு என்ற பேரினப் பெயர், பொன்னைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லான பங்காருவிலிருந்து வந்தது.) இது சவ்வின் கொழுமியத்தை இரு துண்டுகளாக வெட்டும் நொதி. துண்டுகளின் வடிவம் முழு மூலக்கூற்றினின்று மாறுபட்டது: ஒன்று தலை பெருத்தது, மற்றது வால் மிகுந்தது. அதனால் சவ்வின் வளைவுச் சமநிலை குலைந்து, புடகங்கள் இணைவது எளிதாகிறது, மீள்வது தடைப்படுகிறது. இத்துண்டுகளின் கலவையை மட்டும் நரம்பணுக்களில் இட்டாலும் நஞ்சின் விளைவே தோன்றுவதை இத்தாலிய ஆய்வாளர்கள் 2005 இல் காட்டினர். இருப்புத் தீர்ந்தபின் நரம்பு முனை சிதைகிறது.

நாகத்தின் நஞ்சு பெரும்பாலும் தசைப்பக்க ஏற்பிகளை அடைப்பதால் நியோசுடிக்மின் மருந்து அங்கு உதவும். கட்டுவிரியன் கடியில் கொட்டுவதற்கே புடகங்கள் இல்லாததால் அதனால் பயன் குறைவு. நச்சுமுறி மருந்து குருதியில் உலவும் நஞ்சையே பிணைக்கும். சிதைந்த முனையைச் சீராக்காது. ஆயினும் அதைத் தொடக்கத்திலேயே செலுத்துவது இன்றியமையாதது. இம்மருந்துக்கான நஞ்சை நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றிலிருந்து எடுத்து வழங்குவது, 1978 இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நரம்பு முனைகள் மீண்டும் முளைத்துப் புதிய புடகங்கள் நிரம்பச் சில நாட்கள் முதல் வாரங்கள் வரை ஆகலாம். அதுவரை செயற்கைச் சுவாசக் கருவி நோயாளியின் மூச்சைத் தாங்குகிறது.